பாலை மரத்தை இனங்காணல்

புதுக்காணி திருத்தும் கமக்காரர் பலர் கோடரியை எடுத்த பின்னரே மரம் யாதென வினவுகின்றனர். வன்னி, மன்னார் முதலிய வரண்ட பகுதிகளில் இவ்வாறு அழிந்துபோகும் மரங்களுள் பாலையும் ஒன்று. இஃது என்றும் பச்சையாய் நிற்கும் இந்நாட்டு மரம். வளர்ச்சி மிக மெதுவானது. இன்று வெட்டிய பெருமரத்திற்கு ஈடான ஒன்றை வெட்டியவர் தம் வாழ்நாளிற் காணமாட்டார்.

பாலை என்னும் பெயர் பல மரங்களுக்குண்டு. ஏழிலைப்பாலையும் வெட்பாலையும் வேறு குடும்பத்தன. ஈண்டுக் கூறப்படுவது இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்களத்திற் பலு எனப்படுவது.

பட்டை கருஞ்சாம்பல் நிறமாய், ஆழ்ந்து வெடித்திருக்கும். இலைகள் தோல்போன்று தடித்து, சிறு கிளைகளின் நுனியில் நெருங்கியிருக்கும்; இவற்றின் நீளம் 2 முதல் 4 அங்குலம். இலை நுனி கூராயிராது; வட்டமாகி நடுவிற் சிறிது உட்குழிந்திருக்கும். பட்டையைச் சிறிது கீறினால் வெண்பால் கசியும். தடித்த இலைகள் நீரை எளிதில் இழவாமையால், குளம் வற்றும் கோடையிலும் மரம் பசுமை குன்றாது.

பெரும்பாலும் இதனோடு சேர்ந்து வளரும் வீரையும் பசுமை மாறாததே. எனினும் வீரையிற் பால் இல்லை, அடிமரம் முறுகிப் பள்ளமும் மேடுமாயிருக்கும், பழம் சிவப்பு. பாலைப்பழமோ மஞ்சள், உண்டால் உதடு ஒட்டும். கமக்காரர் ஒருவர் வீரையென எண்ணி இளம் பாலைகளை வேலிக்கட்டைக்கு வெட்டியதை நான் கண்டேன். வெட்டிய இடத்திற் பால் வடிந்துகொண்டிருந்தது; அவர் அதனைக் கவனிக்கவில்லை. மறு சிறுபோகத்தில் அவருடைய மாடுகள் ஒதுங்க அக்காணியில் நிழல் இருக்கவில்லை.

பாலை மரம் நீரில் அமிழுமளவு பாரமானது. முன்னர்ப் புகையிரதப் பாதைகளுக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் பயன்பட்டது. தோட்டக்காரருக்கு வேறொரு பயனுமுண்டு: சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக் கன்றே சிறந்த அடிமரம். இந்தியாவில் இம்முறை பரவலாக உள்ளது. கன்று ஒட்டும் பருமனடைய ஓராண்டுக்கு மேலாகும். அவசரப்படுவோர்க்கு இது உகந்ததன்று. ஆதலாற் காணி திருத்துமுன் எல்லையிலுள்ள பாலைகளுக்குச் சுண்ணாம்பு பூசி அடையாளமிடுக. அரச காட்டிலுள்ளவற்றை அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும்.

வைகாசி முதல் ஆடி வரை பழம் பழுக்கும். அதனைக் கரடிகள் பெரிதும் விரும்பி, மரத்திலேறியும் உண்ணும். அம்மாதங்களில் விறகுக்கோ தேனுக்கோ காட்டினுட் செல்வோர் தனியே செல்லலாகாது. உரத்துப் பேசிக்கொண்டு செல்க.