மும்முனை சைன் அலை உருவாக்கம்

மும்முனை சைன் அலை உருவாக்கம் என்பது ஒரே அதிர்வெண்ணும் ஒரே வீச்சும் கொண்டு, ஒன்றுக்கொன்று 120 பாகை கட்ட வேறுபாட்டில் அமையும் மூன்று சைன் அலைகளை மின்னணுச் சுற்றுகளால் பெறுவதாகும். வீச்சைச் சரிசெய்வது எளிது; 120 பாகையை வெப்பத்தாலும் காலத்தாலும் மாறாமல் காப்பதே கடினம்.

பயன்பாடு

கல்வராயன் மலையடிவார ஊர்கள் உள்ளிட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கிணற்றுப் பாசனம் பரவலாக உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வழங்கும் சூரியசக்தி பம்புசெட்டுகளுள் ஏசி மோட்டார் கொண்டவற்றில், தகடுகள் தரும் டிசி மின்சாரத்தை மும்முனை மின்சாரமாக மாற்றுவது கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள நுண்கட்டுப்படுத்தியின் பணி. மின்னழுத்தங்களில் 1 விழுக்காடு சமனின்மை இருந்தால் மோட்டாரின் மின்னோட்டத்தில் அது 6 முதல் 10 விழுக்காடு வரை பெருகும், சுருள் சூடேறும். உழவர்கள் 'காயில் போய்விட்டது' என்பதற்கு இத்தகைய சமனின்மையும் ஒரு காரணம்.

மின் மீட்டர் சோதனைக்கு இதனினும் கூடிய துல்லியம் தேவை. மூல அலைகளையே அளவுகோலாகக் கொள்ளும் சோதனையில், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம் 0.1 பாகை பிசகினால், திறன் காரணி 0.5 ஆக உள்ளபோது சுமார் 0.3 விழுக்காடு பிழை நேரும். 0.2எஸ் வகுப்பு மீட்டருக்கு அந்நிலையில் இயல்பான சுமையில் அனுமதிக்கப்படும் பிழையே அவ்வளவுதான்.

ஒப்புமை முறை

மூன்று ஒத்த புரட்டுப் பெருக்கிகளை வளையமாக இணைத்து, ஒவ்வொன்றிலும் மின்தடையும் மின்தேக்கியும் கொண்டு 60 பாகை பின்னடைவு ஏற்படுத்தலாம். புரட்டலின் 180 பாகையும் சேர, ஒரு நிலைக்கு 240 பாகை. மூன்றுக்கும் 720 பாகை, அதாவது இரு முழுச்சுற்று. ஒவ்வொரு நிலையின் பெருக்கமும் 2 எனில் அலைவு நிலைக்கும். 50 ஹெர்ட்சுக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன் சுமார் 55 கிலோஓம் வேண்டும். அழகிய சுற்றுதான், ஆயினும் ஒரே ஒரு மின்தேக்கி 1 விழுக்காடு மாறினாலும் அந்நிலையின் கோணம் சுமார் 0.17 பாகை விலகிவிடும்.

எண்ணிம முறை

நேரடி எண்ணிமத் தொகுப்பில் 32 பிட் திரட்டி ஒன்றில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஒரு நிலையான எண் கூட்டப்படுகிறது. முழுச்சுற்று 4,29,49,67,296 படிகள். திரட்டியின் மதிப்புடன் அதன் மூன்றில் ஒரு பங்கையும், மூன்றில் இரு பங்கையும் கூட்டி சைன் அட்டவணையைப் படித்தால் மற்ற இரு அலைகள் கிடைக்கும். பங்கு முழு எண்ணாக வராததால் நேரும் பிழை, ஒரு பாகையின் ஏறத்தாழ மூன்றரைக் கோடியில் ஒரு பங்கே. மூன்று அலைகளும் ஒரே கடிகாரத்தைச் சார்ந்திருப்பதால் அதன் வேகம் மாறினால் அதிர்வெண் மாறுமேயன்றி 120 பாகை மாறாது.

பிழை பெரும்பாலும் அதற்குப் பின் வரும் பகுதிகளில் நுழைகிறது. 50 ஹெர்ட்சில் 10 மைக்ரோநொடி என்பது 0.18 பாகை. எனவே எண்ணிம-ஒப்புமை மாற்றிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி, ஒரே துடிப்பில் புதிய மதிப்பை ஏற்க வேண்டும். வெளியீட்டு வடிகட்டிகளின் மின்தேக்கிகளும் ஒத்திருத்தல் வேண்டும்.