உஷார்! தாலி கட்டும் நேரத்தில் ஒரே ஒரு மெமரி கார்டு

வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் பிடிக்கும் நேரம் இது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எங்கே கேட்டாலும் மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. போட்டோவுக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு ரேட் வருகிறது. போட்டோ, வீடியோ, ட்ரோன், அவுட்டோர் ஷூட், ஆல்பம் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய். உஷாராக இருங்கள்!

குன்னூரில் இருபது வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன். புதுப் பையன்கள் மேல் வயிற்றெரிச்சலில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். போன தை மாதம் என் ஸ்டுடியோ படியேறி வந்த ஒருவரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் மகள் கல்யாணத்தை முடித்திருக்கிறார். காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்த மெமரி கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இதுலதான் சார் பொண்ணு கல்யாணம் இருக்கு. எப்படியாவது எடுத்துக் குடுங்க." மீட்கும் சாஃப்ட்வேரைப் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். வரிசையாக வந்ததெல்லாம் வேறு யாரோ ஒரு பெண்ணின் ரிசப்ஷன். அதற்குப் பிறகு இவர் மகளின் பந்தி கொஞ்சம், ஊஞ்சல் கொஞ்சம். தாலி கட்டு இல்லை. அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். காலையில் இவர்கள் முகூர்த்தம் எடுத்த பையனுக்கு மாலையில் இன்னொரு மண்டபத்தில் ரிசப்ஷன். கையில் ஒரே கார்டு. லேப்டாப்பில் ஏற்றிவிட்டோம் என்ற நினைப்பில் பார்மட் போட்டு, அதே கார்டில் மாலை ரிசப்ஷனை எடுத்துவிட்டான். பார்மட் போட்ட கார்டிலிருந்து பெரும்பாலும் படத்தை மீட்டுவிடலாம். அதன் மேல் புதுப் படம் பதிந்துவிட்டால் யாராலும் முடியாது. அந்தப் பையன் மோசக்காரன் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய காசு கட்டுப்படியாகவில்லை என்பதால் ஒரே நாளில் இரண்டை ஒப்புக்கொண்டவன்.

25,000 ரூபாயில் என்ன மிஞ்சும்? ஆல்பம் அடிக்கக் கோவை லேபுக்குக் கொடுக்க வேண்டும். வீடியோ எடுப்பவர், ட்ரோன்காரர், எடிட்டர், வண்டி, கேமரா வாடகை எல்லாம் அதிலேதான். அப்படியானால் எதையோ வெட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் கண்ணில் படாததைத்தான் வெட்டுவார்கள். இரண்டாவது கேமரா இருக்காது, இரண்டாவது கார்டு இருக்காது, படங்களை இன்னொரு பிரதி எடுத்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்காது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் இவை இல்லாதது யாருக்கும் தெரியாது.

ஆனால் நம் மலையில் எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாள் குறைவு. விடிகாலை முகூர்த்தத்துக்கு, ராத்திரி முழுக்க வண்டியில் குளிர்ந்து கிடந்த கேமராவை அப்படியே மண்டபத்துக்குள் கொண்டுவந்து திறந்து பாருங்கள். அடுப்பு ஆவியும் கூட்டத்தின் மூச்சும் பட்டு லென்ஸ் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். விவரம் தெரிந்தவர் அரை மணி முன்னதாகவே வந்து, பையைத் திறக்காமல் மண்டபத்துக்குள் வைத்துச் சூடேற விடுவார். மழை மாசம் முழுக்க மூடிக் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல் பூஞ்சை ஓடியிருக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் படமெல்லாம் மங்கலாக வரும். குளிரில் பேட்டரி பாதியிலேயே இறங்கும். இதற்கெல்லாம் மாற்று வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் ரேட்.

கீழேயிருந்து ஆள் பேசியிருந்தால் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. வைகாசி முகூர்த்தமும் ஊட்டி சீசனும் ஒன்றாகவே வருகின்றன. கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றுவிட்டால் கெட்டிமேளம் காத்திருக்காது.

அவுட்டோர் ஷூட்தான் எனக்கு அதிக பயம். தோட்டத்து மேனேஜ்மென்டிடம் அனுமதி வாங்கக் காசும் நேரமும் ஆகும் என்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஜோடியைத் தேயிலைச் செடிக்குள் இறக்கிவிடுகிறார்கள். அது காட்டெருமை வெளியே வரும் நேரம். கோத்தகிரிப் பக்கம் கரடி. பட்டுப்புடவையும் ஹீல்ஸும் போட்ட பெண்ணால் சரிவில் ஓட முடியுமா? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்கில் மாப்பிள்ளை பெயரும் சேரும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் காசுக்குப் பறக்கவிட, 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண்ணும் பைலட் சான்றிதழும் வேண்டும். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலையில் புலிகள் காப்பகம். "சும்மா ஒரு ரவுண்டு விடலாம்ண்ணா" என்று சொல்கிற ஆளை நம்பி அங்கெல்லாம் போகாதீர்கள்.

புதுசாகக் கேமரா எடுத்த தம்பிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். 2023இல் நட்டக்கல்லில் நம் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்களே, எதற்கு? பச்சைத் தேயிலைக்குப் போட்ட செலவுகூட வரவில்லை என்றுதானே! கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளே இன்று போட்ட செலவுக்குக் கீழே ரேட்டை உடைக்கிறார்கள். மூன்றாவது வருஷம் ஷட்டர் தேய்ந்து நிற்கும்போது மாற்றக் காசு இருக்காது. அதைவிடத் தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு சீசன் இரண்டாவது கேமராமேனாகப் போங்கள். என்னைப் போன்ற மூத்தவர்களும் அப்படி வரும் பிள்ளைகளுக்கு டீயும் பஸ் காசும் கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். பாதிப் பேர் தனியாகப் போய் ரேட்டை உடைப்பதே அந்தக் கோபத்தில்தான்.

குடும்பங்களுக்கு: எத்தனை கேமரா, எத்தனை ஆள், அன்று மாலை வேறு ஆர்டர் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம், எந்தத் தேதியில் தருவார், எல்லாம் தாளில் வேண்டும். அட்வான்ஸுக்கு ரசீது வேண்டும். குறைந்த ரேட் சொல்லிவிட்டு, பிறகு "இன்னும் 20,000 கொடுத்தால்தான் ஹார்ட் டிஸ்க்" என்று மடக்குகிறவர்கள் உண்டு. மிரள வேண்டாம். வேறு ஒப்பந்தம் எழுதியிருக்காவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை என்கிறது 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். எடுத்தவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

படம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு கிளிக்கும் வேண்டாம், உடனே கழற்றச் சொல்லுங்கள். அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் போனில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தோட்டத்துக் குடும்பம் கேட்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது, பலர் இடமில்லை என்று அழித்துவிட்டார்கள். பெண்ணின் பெரியம்மா போனில் மட்டும் 11 விநாடி இருந்தது. மாப்பிள்ளை கை முடிச்சுப் போடும் இடத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை குறுக்கே வருகிறது. அதிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிடித்துப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.