‘ஏ’ படமும் மடியில் குழந்தையும்

2025 ஆகஸ்ட் 14 அன்று ரஜினிகாந்தின் ‘கூலி’ வெளியானபோது தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு எதிர்பாராத சங்கடம். படத்துக்குத் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்திருந்தது. 18 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று சில மல்டிபிளெக்ஸ்களில் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளோடு வந்தவர்களுக்குக் கோபம். தயாரிப்பு நிறுவனம் ‘யூ/ஏ’ கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சண்டைக் காட்சிகள் நிறைந்த வேறு பெரிய படங்களுக்கெல்லாம் ‘யூ/ஏ’ கிடைத்திருக்கிறதே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அந்த மாதம் முடிவதற்குள் மனு தள்ளுபடியானது.

வாரியம் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த இரண்டு வாரமும் வசூலைப் பற்றிப் பேசினார்கள், ரசிகர்களின் ஏமாற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஓரெழுத்து யாரைக் காப்பதற்காகப் போடப்படுகிறதோ அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. குழந்தையை உள்ளே விடாதது அதன் உரிமையைப் பறிப்பதாகவே பலருக்குப் பட்டது. சட்டம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. தனக்குத் தீங்கு செய்யக்கூடிய காட்சியிலிருந்து காக்கப்படுவதும் குழந்தையின் உரிமைதான். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு ஊடகத்தைப் பற்றியது. நல்ல தகவலைப் பெறும் உரிமையையும் தீங்கிலிருந்து காக்கப்படும் தேவையையும் அது சேர்த்தே சொல்கிறது.

சரி, ஒரு சண்டைப் படம் பிள்ளையை அப்படி என்ன செய்துவிடும்?

1960களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் செய்த சோதனைகள் உலகப் புகழ் பெற்றவை. தள்ளிவிட்டால் தானே நிமிரும் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை, பெரியவர் ஒருவர் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார், கத்துகிறார். சிறு பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். பிறகு அதே பொம்மையோடு அவர்களை விட்டால் அதே அடி, அதே குத்து, அதே வார்த்தைகள். 1963இல் நேரில் காட்டாமல் படமாகக் காட்டினார். அப்போதும் அதேதான் நடந்தது. 1965இல் செய்த சோதனைதான் நமக்கு முக்கியம். படத்தின் முடிவை மூன்று விதமாக வைத்தார். ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு, ஒன்றில் தண்டனை, இன்னொன்றில் இரண்டும் இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் ‘பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு’ என்று சொன்னதும், மூன்று குழுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். ஆக, எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியே காட்டச் சரியான தருணம்தான் வேண்டியிருந்தது.

இதை நம் படங்களோடு வைத்துப் பாருங்கள். வில்லனுடைய வன்முறைக்குக் கடைசிக் காட்சியில் தண்டனை கிடைத்துவிடுகிறது. கதாநாயகன் அரிவாளைச் சுழற்றும்போதோ காட்சி மெதுவாக நகர்கிறது, பறை அதிர்கிறது, ரத்தம் தெறித்த முகத்தோடு அவர் நடந்துவருவதற்கென்றே தனிப் பாட்டு. அடித்தவருக்குப் பரிசு கிடைக்கும் முடிவு என்று பண்டூரா வைத்தாரே, அதை இதைவிடப் பெரிதாக எந்தச் சோதனைக்கூடத்திலும் கட்டிவிட முடியாது. பிள்ளை பழிவாங்கக் கற்பது பெரும்பாலும் நல்லவனிடமிருந்துதான் என்பது என் கவலை.

அதைவிடப் பெரிய பரிசு பக்கத்து இருக்கையிலிருந்து வருகிறது. 1968இல் டேவிட் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர், பிள்ளையோடு சேர்ந்து படம் பார்க்கும் பெரியவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் மாற்றிப் பார்த்தார். பெரியவர் பாராட்டினால், அவர் உடன் இருக்கும்போது பிள்ளை அந்த அடியை அதிகம் திருப்பிச் செய்தது. கண்டித்தால் குறைந்தது. திரையில் தலை உருளும் நொடியில் நாலு வயதுக் குழந்தை திரையை மட்டும் பார்ப்பதில்லை. அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அப்பா விசிலடித்துக்கொண்டிருக்கிறார்.

பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ரோவெல் ஹியூஸ்மன் குழுவினர் 1977இல் சிகாகோ வட்டாரத்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் தொலைக்காட்சியில் எவ்வளவு வன்முறை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் 300க்கும் மேற்பட்டோரைத் தேடிப் பிடித்தார்கள். சிறுவயதில் அதிகம் பார்த்தவர்களிடம், ஆண் பெண் இருபாலரிடமும், வளர்ந்த பிறகு மூர்க்கம் கூடுதலாக இருந்தது. அடிக்கிற பாத்திரத்தோடு தன்னை அடையாளப்படுத்திக்கொண்ட, காட்டப்படுவது நிஜம்தான் என்று நம்பிய பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. குடும்பத்தின் வசதி, பெற்றோர் வளர்த்த விதம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு மறையவில்லை.

2017இல் வெளியான, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மனதை உலுக்கக்கூடியது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்துப் பொதுவான குடும்பப் படக் காட்சிகளைக் காட்டினார்கள். பாதிப் பேருக்குத் துப்பாக்கிக் காட்சிகளோடு, மீதிப் பேருக்கு அவற்றை நீக்கிவிட்டு. பிறகு விளையாட விட்ட அறையில், ஓர் அலமாரியில் செயலிழக்கச் செய்த உண்மையான துப்பாக்கி இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கிக் காட்சி பார்த்தவர்கள் அதைச் சுமார் 53 நொடி கையில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சுமார் 11 நொடி. விசையை அழுத்தியவர்களும் முதல் குழுவில்தான் அதிகம். நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. அரிவாள்மனை இருக்கிறது, கத்தி இருக்கிறது, தூக்குமாட்டும் காட்சியைப் பார்த்த பிள்ளைக்குக் கொடிக்கயிறும் துப்பட்டாவும் இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். படம் பார்த்ததால் மட்டும் ஒரு பிள்ளை கொலைகாரனாகிவிடாது. திரை வன்முறையின் விளைவு சிறியது என்றும், அதை மிகைப்படுத்துகிறார்கள் என்றும் வாதிடும் தேர்ந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி வாங்குவதும், அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பதும் எந்தப் படத்தையும்விடப் பிள்ளையை ஆழமாகச் சிதைக்கும். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு சாதியைத்தான் பேசியது, அதுதான் சரி. அங்கே போய் சினிமாவைக் கைகாட்டியிருந்தால் பள்ளியும் ஊரும் தப்பித்திருக்கும். திரை வன்முறை ஒரு தூண்டுதல். ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளையிடம் அதன் வேலை எளிதாகிவிடுகிறது.

மூர்க்கத்தைப் பற்றியே பேசுவதால் நாம் கவனிக்கத் தவறும் பாதிப்பு ஒன்று உண்டு. பயம். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளால் நடிப்பையும் நிஜத்தையும் எப்போதும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. முதல் பாதியில் நடந்த அநீதிக்குத்தான் இரண்டாம் பாதியில் கதாநாயகன் வெட்டுகிறார் என்று கோத்துப் பார்க்கவும் தெரியாது. குழந்தைக்கு மிஞ்சுவது இருட்டும் இரைச்சலும் வெட்டும்தான். பிறகு பல இரவுகள் தூக்கத்தில் அலறும், விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரும், கழிவறைக்குத் தனியாகப் போக மறுக்கும். ‘என்ன ஆச்சோ, கண்ணு பட்டுடுச்சு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்துக்குப் போனோம் என்பது யாருக்கும் நினைவில் வருவதில்லை.

இனி சட்டம். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி ‘ஏ’ படத்தை 18 வயது நிறையாதவருக்குக் காட்டினால் அது திரையரங்கின் குற்றம். பெற்றோர் கூடவே இருந்தாலும் அனுமதி கிடையாது. மூன்று வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு உண்டு. அது பெற்றோரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. அந்தக் காதுகளுக்கு அந்த இரைச்சல் ஆகும் என்று அதற்கு அர்த்தமில்லை.

2023இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ‘யூ/ஏ’ என்ற ஒரே பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. இங்கே கவனம் வேண்டும்: இந்த வயதுக் குறிகளை வாசலில் யாரும் சோதிக்க மாட்டார்கள். முடிவெடுக்கும் பொறுப்பைச் சட்டம் முழுக்கப் பெற்றோரிடமே விட்டிருக்கிறது. 16+ என்று போட்ட படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் தடுக்க ஆள் இல்லை. சான்றிதழ் குறி டிக்கெட் பதிவுச் செயலியிலும் சுவரொட்டியிலும் இருக்கிறது; நாம்தான் பார்ப்பதில்லை.

திரையரங்கு ‘ஏ’ படத்துக்குச் சிறுவர்களை அனுமதித்தால் முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். பயனில்லை என்றால் டிக்கெட்டையும் காட்சி நேரத்தையும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்; சென்னையில் காவல் ஆணையருக்கு. தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1955இன் கீழ் உரிமம் தருவது அவர்கள்தான்.

ஆனால் இன்று பெரிய வாசல் திரையரங்கு இல்லை, கைபேசி. திரையரங்கில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை, சில வாரங்களிலேயே அதே படத்தை வீட்டு ஓடிடியில் பார்த்துவிடுகிறது. அதற்கும் முன்பே டீசரும் ட்ரெய்லரும் மிக ரத்தமான பத்து நொடிகளைத் தேர்ந்தெடுத்து யூடியூபில் வந்துவிடுகின்றன. இணையத்தில் வருகிற அவற்றுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. ரீல்ஸில் அவை துண்டுதுண்டாகச் சுற்றுகின்றன.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வைக்கவும், ‘ஏ’ படத்துக்கு வயதை உறுதிசெய்யவும் ஓடிடி தளங்களுக்குச் சொல்கின்றன. புகார் கொடுத்தால் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த விதிகளின் சில பகுதிகளை அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இருந்தாலும் பெரிய தளங்கள் குறைதீர் அலுவலரின் முகவரியை வெளியிட்டுள்ளன, எழுதலாம். பூட்டு கைவசம் இருக்கிறது, நாம்தான் போடுவதில்லை. பிள்ளைக்கென்று தனிக் கணக்கு திறங்கள், உங்கள் கணக்குக்கு ரகசிய எண் போடுங்கள், அடுத்த படம் தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள். ரகசிய எண் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.

பார்க்கக் கூடாததைப் பிள்ளை பார்த்துவிட்டால் திட்டாதீர்கள். அடுத்த முறை ஒளித்துப் பார்க்கும், பயத்தையும் சேர்த்து ஒளிக்கும். சிறு குழந்தையிடம் ‘அது பொய், கிராபிக்ஸ்’ என்று விளக்கிப் பலனில்லை. மடியில் வைத்துக்கொள்வதும், விளக்கைப் போட்டுவைத்துப் பக்கத்தில் படுப்பதும் வேலை செய்யும். பத்து வயதுப் பிள்ளையிடம் பேசலாம். வெட்டுப்பட்டவனுக்கு வலித்திருக்குமா, அவன் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அடிபடுபவரின் இடத்திலிருந்து பார்க்கச் சொன்ன சிறுவர்களிடம் மூர்க்கம் குறைந்ததை ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் காட்சிக்கு நாம் கைதட்டியிருக்கக் கூடாது.

பயமோ முரட்டுத்தனமோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், தம்பி தங்கையை, நாய் பூனையைத் துன்புறுத்தினால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். ஒரு குழந்தை அடிபடுகிறது, துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் 1098ஐ அழையுங்கள்.

அடுத்த பெரிய படம் வருகிறது. முதல் நாள் டிக்கெட் எடுக்கும் முன் சான்றிதழ் குறியைப் பாருங்கள். ‘ஏ’ என்றிருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வீட்டில் இருந்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் அந்தப் படத்தை உங்களுக்கும் தள்ளிப்போடுங்கள். படம் எங்கும் ஓடிப்போகாது.