ஷார்ட்கட் ஓப்பன் ஆகலையா? எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே ஃபைல் போதும்!

நாளைக்கு எக்ஸாம். படிக்க வேண்டிய பத்து தளங்களின் ஷார்ட்கட்களை ஒரு ஃபோல்டரில் போட்டு நண்பருக்கு அனுப்புகிறீர்கள். 'ஒண்ணுகூட ஓப்பன் ஆகலை மச்சி' என்று பதில் வருகிறது. காரணம், உங்களுடையது மேக், அவருடையது விண்டோஸ்.

விண்டோஸ் உருவாக்கும் ஷார்ட்கட் 'யூஆர்எல்' ஃபைல். மேக்கில் அது 'வெப்லாக்', லினக்ஸில் 'டெஸ்க்டாப்' ஃபைல். உள்ளே இருப்பது தளத்தின் முகவரிதான். எழுதும் முறைதான் வேறு. விண்டோஸ் ஷார்ட்கட்டை மேக் திறந்துவிடும். ஆனால், வெப்லாக்கை விண்டோஸ் கண்டுக்காது. போனில் பெரும்பாலும் இரண்டுமே வேலைக்கு ஆகாது.

தீர்வு சிம்பிள். எல்லா சிஸ்டத்திலும் பிரவுசர் இருக்கிறதே! வேர்டில் ஒரு முகவரியை முழுசா டைப் செய்து என்டர் தட்டுங்கள், லிங்க்காக மாறிவிடும். இப்படியே பத்தையும் வரிசையாகப் போட்டு, 'சேவ் அஸ்' போய் 'வெப் பேஜ்' ஆகச் சேமியுங்கள். இந்த ஹெச்டிஎம்எல் ஃபைல் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் திறக்கும். போனுக்கு என்றால் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது இன்னும் வசதி.

'இங்கே க்ளிக் செய்யவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். முழு முகவரி தெரிந்தால்தான், எங்கே போகிறோம் என்பது திறப்பவருக்குப் புரியும். அதேபோல, தெரியாதவர் அனுப்பிய ஷார்ட்கட்டைப் பெயரைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். விண்டோஸில் ரைட் க்ளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்'-ல் முகவரியைப் பாருங்கள். சந்தேகமா? டெலிட் பண்ணிடுங்க!