எடையால் எண்ணும் கலை

அரிசி வாணிபம் செய்வோர் மணிகளை எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்தே கொடுக்கின்றனர். எனினும் ஒரு மணியின் சராசரி எடை தெரியுமாயின், மூட்டையில் உள்ள மணிகள் எத்தனை என்பதை மூட்டையை அவிழ்க்காமலே நாம் கணக்கிட்டுவிடலாம். இரசாயன இயலைத் தொடங்கும் மாணவர்களைப் பெரிதும் மருட்டுகின்ற ‘மோல்’ என்னும் கருத்து, இந்த எளிய உபாயத்தின் விரிவே அன்றி வேறன்று. இதனைத் தெளிந்தோர்க்கு இரசாயனச் சமன்பாடு பொருள் பொதிந்த வாக்கியமாகும். தெளியாதோர்க்கு அது மனப்பாடச் சுமையாகவே நின்றுவிடும்.

அணுக்கள் ஒன்றோடொன்று சேரும்பொழுது எண்ணிக்கைக் கணக்கிலேயே சேருகின்றன. தராசோ எடையை மட்டும் காட்டுவது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் யாது? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் உலகம் அரை நூற்றாண்டு தடுமாறிற்று.

இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808-ஆம் ஆண்டில் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டார். நீரில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன் எடையளவில் உள்ளது. நீரின் துகள் ஒவ்வொன்றிலும் இவ்விரு தனிமங்களின் அணு ஒவ்வொன்றே உண்டு என்று டால்டன் கொண்டார். அங்ஙனமாயின் ஆக்சிஜன் அணு, ஹைட்ரஜன் அணுவைப்போல் எட்டு மடங்கு கனமுடையதாகும். ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு இருப்பின், அது பதினாறு மடங்காகிவிடும். இரண்டில் எது உண்மை என்பதைத் தராசு மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது.

விடைக்கு வழிகாட்டியவை வாயுக்களே. இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பருமன் நீராவி தருகின்றன என்பதைப் பிரான்சின் கே-லுசாக் எடுத்துக்காட்டினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் உள்ளன என்று இத்தாலியின் அவகாட்ரோ 1811-இல் கூறினார். அவர் கூற்றின்படி, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குப் பங்கிடப்படுகிறது. அணு பிளவுபடாதெனின், ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களேனும் இருத்தல் வேண்டும் அன்றோ? ஒரே இனத்து அணுக்கள் தம்முள் இணையா என்று கருதிய அக்கால அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை.

விளைவு பெருங்குழப்பம். காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கே வழங்கிவந்த 19 வாய்பாடுகளைக் கெக்குலே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1861-இல் தம் நூலில் தொகுத்துக் காட்டினார். இக்குழப்பத்தைத் தீர்க்க 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயன அறிஞர்கள் கூடினர். அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு எடைகளைத் திருத்தமாகக் காணலாம் என்று இத்தாலியின் கன்னிசாரோ விளக்கினார். அவகாட்ரோ மறைந்து அப்பொழுது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கூட்டத்தில் இருந்த ரஷ்ய இளைஞர் மெண்டலீவ், திருந்திய அணு எடைகளை அடிப்படையாகக் கொண்டே 1869-இல் தம் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார்.

இனி மோலுக்கு வருவோம். ஹைட்ரஜனின் அணு எடை ஏறத்தாழ 1; ஆக்சிஜனுடையது 16. ஆகவே நீரின் மூலக்கூறு எடை 18. அவ்வெண்ணைக் கிராமில் நிறுத்து எடுத்தால் அதுவே ஒரு மோல் நீர். நான்கு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவுதான். அதனுள் அடங்கிய மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ, 602214076 என்று எழுதி அதன்பின் 15 சுழிகளை இட்டால் வருவது. எப்பொருளாயினும் ஒரு மோலில் துகள்கள் இத்தனையே. 2019 மே 20 முதல் இவ்வெண்ணே மோலின் இலக்கணமாக உலகெங்கும் நடைமுறையில் உள்ளது.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறைத் தரும் என்பது சமன்பாடு. இவ்வெண்களைக் கிராமாகக் கொண்டால், மூன்று கிராம் சேர்ந்து இரண்டு கிராமாகச் சுருங்கியது போலத் தோன்றும். அவை மோல்களே என்று கொண்டால், 4 கிராமும் 32 கிராமும் சேர்ந்து 36 கிராம் நீராகின்றன. அணு ஒன்றும் மறையவில்லை என்பது விளங்கும்.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. சுண்ணாம்புக் காளவாயில் தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை முற்றிலும் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும். எஞ்சியது 60 கிலோ எனில், கல் தூயதன்று, அல்லது சூடு போதவில்லை என்று தராசே தெரிவித்துவிடும். அந்த 56 கிலோவை நீற்ற 18 கிலோ நீர் போதும். கிடைப்பது 74 கிலோ. சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து அதே 44 கிலோ கரியமில வாயுவை மெல்ல ஏற்று, 18 கிலோ நீரை விடுத்து, மீண்டும் 100 கிலோ சுண்ணாம்புப் பொருளாக இறுகுகிறது.

ஆகவே சமன்பாட்டைக் காணும்பொழுதெல்லாம், அது எத்தனை துகள்களைச் சொல்கிறது, அவற்றின் எடை எவ்வளவு என்னும் இரு வினாக்களை எழுப்பிக்கொள்வோமாக. கண்ணுக்குப் புலனாகாத அணுவை எண்ணுவதற்கு ஒரு தராசும் சிறிது சிந்தனையும் நமக்குப் போதும்.