ஆறு வாரம் அலமாரியில்

முதன்முதலாக வீட்டில் சோப்பு செய்து பார்த்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி தேங்காய் எண்ணெய், பாதி நல்லெண்ணெய். காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்துத்தான் போட்டாராம். இரண்டாம் நாள் அச்சிலிருந்து எடுத்து அறுத்தபோது வில்லைகள் பாலாடைக்கட்டி போல வழவழவென்று வந்தன. ஆசை தாங்காமல் அந்த வாரமே ஒன்றைக் குளியலறையில் வைத்தார். பத்தே நாளில் அது சோப்புப் பெட்டியில் கூழாகக் கிடந்தது. "எண்ணெயில் கலப்படமா, காஸ்டிக் சோடாவில் குறையா?" என்று கேட்கிறார்.

இரண்டிலும் குறையில்லை. சோப்பு இன்னும் காயவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். அடுப்பில் வைக்காமல் செய்யும் சோப்பில் இந்த வேதிவினை ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு எதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வைக்கச் சொல்கிறார்கள்? "காரம் இறங்கட்டும்" என்பதுதான் பலர் சொல்லும் பதில். இது ஆபத்தான பாதி உண்மை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 135 கிராமே போதும். இந்த வேறுபாடு தெரியாமல் தேங்காய் எண்ணெயின் கணக்கை ஆலிவ் எண்ணெய்க்குப் போட்டால், கிலோவுக்கு ஐம்பது கிராம் அளவுக்குக் காரம் மிஞ்சிவிடும். அந்தப் பிழையை அலமாரி திருத்தாது. தேர்ந்தவர்கள் கணக்கைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு காரத்தைக் குறைத்தே போடுவார்கள். சற்று எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கும் நல்லது.

காத்திருப்பது தண்ணீர் வெளியேறுவதற்காக. காஸ்டிக் சோடாவைக் கரைக்க, ஒரு கிலோ எண்ணெய்க்கு 300, 350 கிராம் தண்ணீர் சேர்க்கிறோம். ஆகவே புதுச் சோப்பில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் 'க்யூரிங் பண்ணுங்க' என்றால் காங்கிரீட்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் விட வேண்டும் என்று பொருள். சோப்பு செய்பவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் கேட்பது தண்ணீர் போகட்டும் என்று.

ஈரத்தை வேகமாக விரட்டினால் போதும் என்றால் சோப்பை வெயிலில் வைத்து இரண்டே நாளில் முடித்துவிடலாம். ஆலிவ் எண்ணெய் சோப்பு அப்படி அல்ல என்று காட்டுகிறது. புதிதாக அறுத்த வில்லையை நனைத்துத் தேய்த்தால் நுரை வராது. நறுக்கிய வெண்டைக்காய் போல நூல் விடும். அந்த எண்ணெயில் மிகுந்திருப்பது ஓலிக் அமிலம். அதன் சோப்பு தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். கொஞ்சம் நீர் பட்டதும் மூலக்கூறுகள் நீண்ட கோல்களாகச் சேர்ந்து, நெருங்கி அடுக்கிக்கொண்டு, களியாகிவிடும். மாதக்கணக்கில் காயும்போது உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியேற, சோப்பு இறுகி, நிதானமாகக் கரையத் தொடங்கும். வழவழப்பு குறைந்து, சிறு குமிழிகளாக நுரை வரும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது ஒரே நாளில் கல்லாக இறுகும், முதல் நாளே நுரைக்கவும் செய்யும். அதற்கு நான்கு வாரம் தாராளம். ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்தால் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம்.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸும் சிரியாவின் அலெப்போவும் இதற்குப் பழைய சாட்சிகள். இரண்டு ஊர்களிலும் சோப்பைக் கொப்பரையில் நாள்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள். வேதிவினை கொப்பரையிலேயே முடிந்துவிடுகிறது. ஆறவைத்து அறுத்த அன்றே விற்றிருக்கலாம். ஆனால் விற்பதில்லை. நாப்லுஸில் கட்டிகளை வட்டவட்டமாக, நடுவே வெற்றிடம் விட்டு, கூரையைத் தொடும் கோபுரங்களாக அடுக்குகிறார்கள். கட்டிக்குக் கட்டி இடைவெளி. காற்று ஊடே புகுந்து போகும். அலெப்போவில் குளிர்காலத்தில் காய்ச்சியது ஆறு முதல் ஒன்பது மாதம் அடுக்கில் கிடக்கும். புன்னை இலை போலப் பச்சையாக இருந்த கட்டி வெளியே பொன் பழுப்பாக மாறிவிடும். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் மட்டும் பச்சை அப்படியே இருக்கும். காற்றும் ஒளியும் பட்ட இடத்தில் எண்ணெயின் பச்சையம் வெளுத்திருக்கிறது. வயது எவ்வளவு என்பதை விளிம்பின் நிறமே சொல்லிவிடும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த இரு ஊர்க் கைத்தொழில்களையும் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே நடப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. கண்காட்சிக் கடைகளில் ரோஜா இதழ் பதித்து, சணல் கயிறு கட்டி, "நேற்றுதான் செய்தது, ஃப்ரெஷ்" என்று பெருமையாக விற்கிறார்கள். சோப்பு காய்கறி அல்ல. ஃப்ரெஷ் என்பது அதற்குக் குறை. நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். அது வேகமாகக் கரைந்ததும் 'கைச்சோப்பே இப்படித்தான்' என்று கடைச் சோப்புக்குத் திரும்பிவிடுகிறார். பாடுபட்டுக் காத்திருந்து விற்பவரின் பிழைப்பும் இதில் கெடுகிறது. செய்த தேதியை உறைமேல் எழுதுவதற்கு என்ன செலவு?

எல்லாச் சோப்பும் கிடக்கக் கிடக்க நன்றாகும் என்றும் எண்ண வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் மிகுதியாகப் போட்டது நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வில்லைகள் முத்துமுத்தாக வியர்ப்பதும் உண்டு. உள்ளிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்று அறிய சமையலறைத் தராசு போதும். ஒரு வில்லையில் குறி வைத்து வாரம் ஒருமுறை நிறுக்க வேண்டும். முதல் வாரத்தில் எடை விறுவிறுவென்று இறங்கும். பிறகு இறக்கம் மெதுவாகி, இரண்டு வாரம் ஒரே எண்ணைக் காட்டும்போது பயன்படுத்தலாம்.

வாசகியிடம் இன்னும் ஏழு வில்லைகள் மிச்சம் இருக்கின்றனவாம். தூக்கிப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். வெயில் படாத அலமாரியில் மூங்கில் தட்டின் மேல் விரல் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிக் கொடுக்கட்டும். நல்லெண்ணெய் பாதி இருப்பதால் ஆறு வாரம், மழை இருந்தால் எட்டு.