துடக்கு வீடும் மருத்துவமாதும்

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இளம் தாய்க்கு முதல்நாள் மாலையிலிருந்தே குளிர்காய்ச்சல். "முப்பத்தொன்று கழியுமட்டும் வெளிக்கிட வேண்டாம்" என்று ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் சொல்லியிருந்தார். காலையில் மருத்துவமாது கதவைத் தட்டியபோது, "எல்லாம் சுகம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார் கணவர். அன்றிரவு அம்புலன்ஸ் வந்தது. கருப்பையில் கிருமித்தொற்று. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தத் தாய் தப்பினார்.

இதற்குச் சமயத்தைக் குறை சொல்லலாமா? சொல்ல முடியாது என்பதே எமது எண்ணம்.

ஊரில் துடக்கு என்றால் ஓய்வு. சரக்கு அரைக்க அம்மா, பிள்ளையைக் குளிப்பாட்ட பெரியம்மா, எட்டிப்பார்க்க அயலட்டை. கோயிலுக்கும் பூசை அறைக்கும்தான் விலக்கு. வைத்தியத்துக்கு விலக்கு இருந்ததில்லை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்தச் சேவை நாடெங்கும் பரவிய பின், மருத்துவமாதுகள் துடக்கு வீடுகளுக்குள்ளும் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்தார்கள். எங்கள் பாட்டிமார் அவர்களுக்குக் கதவைத் திறந்தே விட்டார்கள். இங்கே அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. ஆகவே மருத்துவமாதையும் திருப்பி அனுப்பினால், துடக்கு ஓய்வாக இராது, தனிச்சிறையாகிவிடும்.

இங்கிலாந்தில் கிடைப்பவை

பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களாவது மருத்துவமாதின் கவனிப்பு உண்டு. பின்னர் சுகாதாரத் தாதி வீட்டுக்கு வருவார். ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் குடும்ப வைத்தியர் தாயைப் பரிசோதிப்பார். அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பவர்களுக்கும் இவை இலவசம். மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். பெண்ணின் உடல் பற்றிய கதையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம்.

காய்ச்சல், திடீரென அதிகரிக்கும் இரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், துர்நாற்றம், கண் மங்கலோடு கூடிய கடும் தலையிடி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சு முட்டல், நெஞ்சு நோவு. இவற்றில் ஒன்று கண்டாலும் நாள் எண்ண வேண்டாம். உடனே வைத்திய உதவி கேளுங்கள். நிலைமை கடுமையானால் 999ஐ அழையுங்கள்.

விரதமும் வயிற்றுப் பிள்ளையும்

ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் 21 நாள். அமாவாசையில் காப்புக் கட்டிய மறுநாளே கந்தசஷ்டி தொடங்கும். அது ஆறு நாள். இரண்டையும் ஒருவேளை உணவோடு பிடித்தால் ஒரு கர்ப்பிணி ஏறக்குறைய ஒரு மாதம் அரைவயிறு. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல். இதற்கான இரத்தப் பரிசோதனையை 24 முதல் 28 கிழமைகளில் செய்வார்கள். நீரிழிவு உள்ளவர் பட்டினி கிடப்பது ஆபத்து. வழிபாட்டை வைத்துக்கொண்டு பட்டினியை விடலாம்; அடுத்த வருடமும் ஐப்பசி வரும். வீட்டில் இன்னொருவர் விரதத்தைப் பிடிக்கட்டும். பிள்ளை விரும்பும் காலத்திலிருந்தே, கர்ப்பத்தின் 12ஆம் கிழமை வரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது அவசியம். சிலருக்குக் கூடிய அளவு தேவைப்படும் என்பதால் வைத்தியரைக் கேளுங்கள்.

அடுத்த பிள்ளை எப்போது?

பிரசவமாகி 21 நாட்களின் பின்னரே மீண்டும் கரு தங்கக்கூடும். மாதவிலக்கு வராவிட்டாலும் தங்கலாம். அதாவது முப்பத்தொன்று கழியுமுன்பே இதைப் பற்றிக் கணவனும் மனைவியும் கதைத்திருக்க வேண்டும். எம்மில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. பாப்பரசர் ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கை முறைகளை ஏற்கவில்லை. கருத்தரிக்காத நாட்களைக் கணித்து நடப்பதை ஏற்றது. அவ்வழியை விரும்புவோர் அதை முறையாகப் பயின்றே தொடங்க வேண்டும். பிரசவத்தின் பின் நாட்கணக்குத் தவறுவது இலகு. இந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையில் கருத்தடை சாதனங்கள் இலவசம். எதைத் தெரிவதென்பது அந்தப் பெண்ணின் முடிவு. வைத்தியர் அதை மாமியாருக்கோ கோயிலுக்கோ சொல்லமாட்டார்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. இங்கே அம்மாவின் இடத்தில் நிற்பவர் நீங்கள்தான். சரக்குக் கறியும் வையுங்கள், முப்பத்தொன்றும் செய்யுங்கள். ஆனால் கதவு தட்டப்பட்டால் திறவுங்கள்.